சமனில் முடிந்தாலும் ஒரு அணி வெளியே: உள்ளூர் ரக்பி கோப்பையின் விதிகள் ஏன் இப்படி?

ஆட்டம் 17–17 என்று முடிகிறது. மறுநாள் செய்தியில், வெளியூரிலிருந்து வந்த அணி அரையிறுதிக்குப் போய்விட்டது என்று இருக்கிறது. கூடுதல் நேரம் இல்லை, மறு ஆட்டமும் இல்லை. இன்னொரு செய்தியில், 30 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணியை நீக்கிவிட்டு, தோற்ற அணியை அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவதில் ஆட்டமே நடக்கவில்லை. ஆனால் முடிவு மட்டும் வந்திருக்கிறது. கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் அமைப்பாளர்களின் குளறுபடி என்றுதான் தோன்றும்.

உண்மையில் மூன்றுமே விதிப்படி நடப்பவை. அமெச்சூர் ரக்பியில் சனிக்கிழமை மோதிக்கொள்கிறவர்கள் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைப் படித்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிக்கு வரலாறு வேண்டும்.

## எந்த ரக்பி, எந்தக் கோப்பை

ரக்பி இரண்டு வகை. அணிக்கு 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன்; 13 பேர் ஆடுவது ரக்பி லீக். இங்கே பேசுவது யூனியனைப் பற்றி. லீக் தனி ஆட்டமாகப் பிரிந்ததிலேயே உள்ளூர்க் கோப்பைகளுக்குப் பங்கு உண்டு. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆட்டம் 80 நிமிடம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் டிரை, அதற்கு 5 புள்ளி. டிரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2. பெனால்டி உதைக்கு 3. ஆட்ட ஓட்டத்தில் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைக்கும் டிராப் கோலுக்கும் 3.

உள்ளூர்க் கோப்பை என்பது ஒரு கவுன்ட்டி அல்லது மாகாணத்துக்குள் இருக்கும் கிளப்புகளுக்கான நாக்-அவுட் போட்டி. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் போன்ற கவுன்ட்டிகளின் ரக்பி சங்கங்கள் இவற்றை நடத்துகின்றன. அயர்லாந்தில் மாகாணக் கிளைகள் நடத்தும் சீனியர் கோப்பைகள் மிகப் பழையவை: லெய்ன்ஸ்டரில் 1882, அல்ஸ்டரில் 1885, மன்ஸ்டரில் 1886 என்று தொடங்கியவை. அமெச்சூர் என்றால் ஆடுகிறவருக்குக் கூலி கிடையாது. கூலி கிடையாது என்பதோடு நிற்கவில்லை. ஆண்டுச் சந்தாவும் பல இடங்களில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு சிறு தொகையும் அவரே கிளப்புக்குக் கட்டுகிறார்.

இதே கிளப்புகள் எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் முறைப் போட்டியிலும் (13 பேர் ஆடும் ரக்பி லீக் அல்ல) ஆடுகின்றன. 12 கிளப்புகள் சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை மோதினால் ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம் கிடைக்கும். ஒன்றிரண்டு தோற்றாலும் சரிசெய்துகொள்ளலாம். 7 புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக ஒரு போனஸ் புள்ளி கிடைக்கும். நான்கு டிரை போட்டாலும் ஒன்று கிடைக்கும். நாக்-அவுட்டில் இந்த ஆறுதல்கள் எதுவும் கிடையாது. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

## குலுக்கலும் கணக்கும்

எத்தனை அணிகள் சேர்ந்தாலும், நாக்-அவுட் போட்டியின் மொத்த ஆட்டங்கள் அதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்ச வேண்டும். இதில் குழப்பம் இல்லை. அணிகளின் எண்ணிக்கை 8, 16, 32 என்று அமையாதபோதுதான் சிக்கல் வருகிறது. உள்ளூர்க் கோப்பைகளில் அநேகமாக அப்படி அமைவதே இல்லை.

21 கிளப்புகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

1. 21-க்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 32. வித்தியாசம் 11. ஆகவே 11 கிளப்புகள் முதற்கட்டச் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். இதற்கு ‘பை’ என்று பெயர்.
2. மீதி 10 கிளப்புகள் 5 ஆட்டங்களில் மோதும். வென்ற 5, பை பெற்ற 11 சேர்ந்து 16.
3. அதன் பிறகு 8, 4, 2, 1 என்று ஆட்டங்கள். மொத்தம் 20.
4. கோப்பையை வெல்கிற கிளப் 4 ஆட்டமோ 5 ஆட்டமோ ஆடியிருக்கும். எத்தனை என்பது குலுக்கல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

பை யாருக்குக் கிடைக்கும் என்பதில் இரண்டு பழக்கங்கள் உண்டு. சில போட்டிகளில் எல்லாப் பெயர்களும் ஒரே குலுக்கல் பெட்டியில் போடப்படும். வேறு சிலவற்றில் லீக் வரிசையில் உயர்ந்த நிலையில் இருக்கும் கிளப்புகளுக்கு முதற்கட்டச் சுற்று விலக்கு. இரண்டாவது முறை பெரிய கிளப்புக்குச் சலுகை போலத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ரக்பியில் பல படிகள் வித்தியாசமுள்ள அணிகள் மோதினால் ஸ்கோர் 90–0 ஆவதோடு நிற்காது. உடல் வலிமை பொருந்தாத மோதலில் காயமும் சேர்ந்து வரும். ஆதலால் பல சங்கங்கள் கிளப்புகளை நிலைக்கேற்ப இரண்டு மூன்று கோப்பைகளாகவே பிரித்துவிடுகின்றன.

சொந்த மைதானம் யாருக்கு என்பதும் பெரும்பாலும் குலுக்கலில்தான் முடிவாகிறது. முதலில் எடுக்கப்படும் பெயர் உள்ளூர் அணி, இரண்டாவது வருகை அணி. இது அற்ப விஷயம் அல்ல. சமனில் முடியும் ஆட்டத்தில் இதுவே தலைவிதியைத் தீர்மானிக்கலாம்.

## கோப்பையைக் கண்டு சங்கம் ஏன் பயந்தது

இங்கிலாந்து ரக்பி சங்கம் 1871 ஜனவரியில் லண்டனில் தொடங்கியது. அதே ஆண்டு கால்பந்துச் சங்கம் தன் நாக்-அவுட் கோப்பையைத் தொடங்கிவிட்டது. ரக்பி சங்கம் தேசிய அளவில் கிளப்புகளுக்கு ஒரு நாக்-அவுட் கோப்பை நடத்தியது 1971–72-இல். கால்பந்துக் கோப்பையின் முதல் பருவத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து. அந்த முதல் இறுதியாட்டத்தில் குளோஸ்டர் 17–6 என்று மோஸ்லியை வென்றது.

நூறு ஆண்டுத் தாமதத்துக்கு மறதி காரணமாக இருக்க முடியாது. வாய்ப்பு வாசலுக்கே வந்தது, அதுவும் கல்கத்தாவிலிருந்து. அங்கிருந்த ஆங்கிலேயர்கள் 1873-இல் தொடங்கிய கல்கத்தா கால்பந்து கிளப் ரக்பி ஆடிக்கொண்டிருந்தது. நான்கைந்து ஆண்டுகளில் உறுப்பினர்கள் குறைந்தார்கள். ரக்பி ஆடிய படைப்பிரிவு ஊரைவிட்டுப் போனது; வெயில் சும்மா விடவில்லை; போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்தன. இலவச மதுவை நிறுத்தியதும் கூட்டம் கலைந்தது என்று ஒரு பேச்சும் உண்டு. வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கிக் கோப்பை செய்து ரக்பி சங்கத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கிளப்பின் செயலாளர் ரோத்னி 1877 டிசம்பர் 20 அன்று சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், கால்பந்துக் கோப்பையைப் போல ஆண்டுதோறும் இதற்குப் போட்டி நடத்தலாம் அல்லது சங்கம் உசிதமாகக் கருதும் வேறு வழியில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டார்.

சங்கம் இரண்டாவது வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடிகளாகவும் மூடிமேல் ஒரு யானையுமாக இருக்கும் அந்தக் கோப்பை, கிளப்புகளின் கைக்கு எட்டாமல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையேயான ஆண்டு ஆட்டத்தின் பரிசாகிவிட்டது. 1879 மார்ச்சில் எடின்பரோவில் நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது; அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் இல்லை. நாக்-அவுட்டில் அப்படி விட்டுவிட முடியாது.

சங்கத்தின் பயம் இதுதான்: கோப்பை வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் டிக்கெட் பணம் வரும், பணம் வந்தால் நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் ஆசை வரும். வசதியான பள்ளிகளில் படித்து, கூலி பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களின் பயம் என்று இதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆனால் நடந்ததைப் பார்த்தால் அவர்களுடைய கணிப்பு பொய்யாகவில்லை. பரிகாரத்தில்தான் கோட்டைவிட்டார்கள்.

தேசியக் கோப்பை இல்லாத இடத்தை உள்ளூர்க் கோப்பைகள் நிரப்பின. லண்டன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கிடையிலான கோப்பை 1875-இலேயே தொடங்கிவிட்டது. ரக்பியின் மிகப் பழைய கோப்பைப் போட்டி அது. மாணவர்களுக்குள் நடந்ததால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 1877–78-இல் யார்க்‌ஷயர் கோப்பை தொடங்கியபோது நிலைமை வேறு. முதல் ஆண்டில் அதை ஹாலிஃபாக்ஸ் வென்றது. ஊர்க்காரர்கள் செல்லமாகப் ‘பழைய தகரக் குவளை’ என்று அழைத்த அந்தக் கோப்பைக்காக ஆலை நகரங்களும் சுரங்க ஊர்களும் மோதின. ஒவ்வோர் ஊரும் தன் கிளப்புக்குப் பின்னால் திரண்டது.

ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை முடித்தது. வட இங்கிலாந்தில் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டத்துக்கான நேரமாக ஆனது அந்த அரைநாள் விடுமுறையால்தான். வெளியூர் ஆட்டம் என்றால் காலை வேலையையும் விட்டாக வேண்டும், அந்தக் கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டும் கிளப் ஈடுகட்டலாம் என்று அனுமதி கொடுங்கள் என்பதுதான் வடக்கின் கோரிக்கை. 1886-இல் கூலி கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடைசெய்திருந்த சங்கம், 1893-இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை 282-க்கு 136 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்துபோய் நார்தர்ன் யூனியனை அமைத்தன. இழந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்று வரம்பும் வைத்தன. பின்னாளில் 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆனது அதுதான்.

பிரிந்துபோனவர்கள் அடுத்த ஓரிரு ஆண்டிலேயே தங்களுக்கென ஒரு நாக்-அவுட் கோப்பை தொடங்கிவிட்டார்கள். 1897-இல் அதன் முதல் இறுதியாட்டத்தில் பாட்லி அணி செயின்ட் ஹெலன்ஸை 10–3 என்று வென்றது. யார்க்‌ஷயர் கோப்பையோ தன் பெரிய கிளப்புகளை இழந்தும் சாகவில்லை. யூனியன் ஆட்டத்தில் இன்றுவரை நடக்கிறது.

1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச அமைப்பு, சம்பளத் தடையை நீக்கியது. அன்றிலிருந்து அமெச்சூர் என்பது கட்டாயம் இல்லை. ஆயினும் உள்ளூர்க் கோப்பையில் ஆடுகிற ஆசிரியரும் தச்சரும் லாரி ஓட்டுநரும் இன்னமும் அமெச்சூர்களே, ஏனென்றால் அவர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இழந்த கூலி யார் பொறுப்பு என்ற 1893-ஆம் ஆண்டின் கேள்வி, இப்போது காயம், பயணம், விடுப்பு என்ற பெயர்களில் விதிப்புத்தகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

## சமன் ஆனால் யார் போவது

உலகக் கோப்பையில் சமநிலை என்றால் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு கூடுதல் பாதிகள். 2003 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஜானி வில்கின்சன் அடித்த டிராப் கோலால் இங்கிலாந்து 20–17 என்று ஆஸ்திரேலியாவை வென்றது அப்படித்தான். அதற்குப் பிறகும் சமன் என்றால் உதைப் போட்டி வரை வழி இருக்கிறது.

2009-இல் கார்டிஃபில் நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி அந்த எல்லைக்குப் போனது. கார்டிஃப் புளூஸும் லெஸ்டரும் 26–26 என்று நிற்க, கம்பங்களுக்கு நேர் எதிரே 22 மீட்டர் கோட்டிலிருந்து ஒவ்வொருவராக உதைத்தார்கள். வழக்கமாக உதைக்கிறவர்கள் முடிந்து, ஆயுளில் கம்பத்தை நோக்கி உதைத்தே பழகாத ஃபார்வர்டுகளின் (ஸ்க்ரமில் தள்ளும் எட்டுப் பேரின்) முறை வந்தது. மார்ட்டின் வில்லியம்ஸ் தவறவிட்டார், ஜோர்டன் கிரேன் அடித்தார், லெஸ்டர் 7–6. ரக்பி ரசிகர்களில் பாதிப் பேர் இன்றும் அதை ஒரு கேலிக்கூத்தாகவே நினைக்கிறார்கள். என் கட்சியும் அதுதான்.

உள்ளூர்க் கோப்பைக்குக் கூடுதல் நேரம் ஒத்துவராததற்குக் காரணங்கள் எளிமையானவை. 80 நிமிட மோதலுக்குப் பிறகு களைத்த உடல்தான் தவறாக டாக்கிள் செய்து (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தி) காயப்படும். மேலும் டிசம்பரில் வட இங்கிலாந்தில் மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மின்விளக்கு இல்லாத மைதானங்கள் ஏராளம். மறு ஆட்டம் வைக்கலாமென்றால் காலி சனிக்கிழமை கிடைக்காது. எனவே அன்றைக்கே, அங்கேயே தீர்க்கும் வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வழக்கமான வரிசை இது:

1. புள்ளி சமன் என்றால் அதிக டிரை போட்ட அணி.
2. டிரையும் சமன் என்றால் வருகை அணி.
3. பொது மைதானத்தில் நடக்கும் இறுதியாட்டத்தில் மட்டும் கூடுதல் நேரம், அல்லது கோப்பையை இருவரும் பகிர்ந்துகொள்வது.

தொடக்கத்தில் சொன்ன 17–17 ஸ்கோரை எடுத்துக்கொள்வோம். ஓர் அணி இரண்டு டிரை, இரண்டு கன்வர்ஷன், ஒரு பெனால்டி அடித்து 17. மற்றது ஒரு டிரை, நான்கு பெனால்டி அடித்து 17. முதல் அணி முன்னேறும். டிரையைப் பெனால்டிக்கு மேலே வைப்பது, எதிரியின் தவறுக்காகக் காத்திருந்து உதைத்தே காலம் தள்ளுவதைத் தடுக்கும் ஏற்பாடு.

இரண்டாவது விதி பலருக்கு அநியாயமாகப் படுகிறது. ஆனால் அதன் விளைவைக் களத்தில் பார்க்க வேண்டும். டிரையும் சமனாக, இரண்டு நிமிடம் பாக்கி. உள்ளூர் அணிக்குச் சமன் என்பது தோல்வி. பந்தைக் கையில் வைத்து முன்னேறியே ஆக வேண்டும். வருகை அணிக்கு 80-ஆவது நிமிடம் கடந்ததும் பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்தால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அப்போது அவர்களுக்குக் கிடைத்தது பெனால்டி என்றால், வெளியே உதைத்தாலும் லைன்-அவுட் (பக்கக்கோட்டிலிருந்து பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறிவது) ஆடியே தீர வேண்டும், ஆட்டம் தொடரும். அந்த லைன்-அவுட்டில் பந்தைத் தவறவிட்டு எல்லாவற்றையும் இழந்த அணிகள் உண்டு.

## முன்வரிசை: வென்ற அணி நீக்கப்படுவது எப்படி

ஸ்க்ரம் என்பது இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் பிணைந்து, தலை கோத்துத் தள்ளும் ஏற்பாடு. முதல் வரிசையில் மூன்று பேர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் பிராப். வலப்பக்க பிராப்பின் தலை எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே நுழைகிறது. இரண்டு தோள்களிலும் பாரம் இறங்கும். இடப்பக்க பிராப்பின் ஒரு தோள் வெளியே இருக்கும். பக்கம் மாறினால் வேலையே வேறு. பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தி, ஸ்க்ரம் சரிந்தால் கழுத்துக்கு ஆபத்து. நடுவர் குனி, பிடி, சேர் என்று மூன்று கட்டளைகளில் நிதானமாகச் சேர்த்துவைப்பது இதற்காகத்தான்.

ஆகவே ஆட்டத்துக்கு முன் ஒப்படைக்கும் பட்டியலில் முன்வரிசை ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது:

1. 15 பேர் அல்லது குறைவு என்றால் 3 பேர்.
2. 16 முதல் 18 வரை என்றால் 4 பேர்.
3. 19 முதல் 22 வரை என்றால் 5 பேர்.
4. 23 என்றால் 6 பேர்.

தகுதியானவர்கள் காயத்தால் தீர்ந்துபோனால், தள்ளாத ஸ்க்ரம் ஆடுவார்கள். எட்டெட்டுப் பேர் பிணைந்து நிற்பார்கள், தள்ளக்கூடாது. பந்தை உள்ளே போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் ஸ்க்ரமில் பின்னோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த அணிக்கு இது வரப்பிரசாதம். பிராப் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், எதிரியின் பெரிய ஆயுதம் செயலிழந்துவிடும். காயம் உண்மையா, நடிப்பா என்று நடுவரால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதனால் தண்டனை கிளப்பின் மேல் விழும்படி விதிகள் அமைந்தன. பல போட்டிகளில், தள்ளாத ஸ்க்ரமுக்குக் காரணமான அணி வெளியேறியவருக்கு மாற்றாள் இறக்க முடியாது. ஒருவர் குறைவாக ஆட வேண்டும். வேறு சிலவற்றில், போதிய முன்வரிசை இல்லாமல் வந்த அணி தோற்றதாகவே கணக்கு. களத்தில் நடப்பது வெறும் நட்பு ஆட்டம். இந்த இரண்டாவது வகையில்தான், 30 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர்கள் வெளியேறும் விசித்திரம் நடக்கிறது.

## யார் ஆடலாம்

நீக்கத்துக்கு இன்னொரு காரணம் ஆட்டக்காரரின் தகுதி. அமெச்சூர் கோப்பையில் பணம் கொடுத்து ஆள் வாங்க முடியாவிட்டாலும் ஆள் கடன் வாங்கலாம். அதைத் தடுக்கும் விதிகள்:

1. குறிப்பிட்ட தேதிக்குள் அந்தக் கிளப்பில் பதிவு செய்திருக்க வேண்டும்.
2. இதே கோப்பையில் அந்தப் பருவத்தில் ஒரு கிளப்புக்கு ஆடியவர் வேறு கிளப்புக்கு ஆட முடியாது.
3. அரையிறுதி, இறுதியில் ஆட, அதற்கு முன் கிளப்புக்காகக் குறைந்தபட்ச ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும்.
4. இரண்டாம் அணிகளுக்கான கோப்பை என்றால், முதல் அணியில் தொடர்ந்து ஆடுகிறவர் இறங்கி வரக் கூடாது.

நான்காவதுதான் சண்டையின் ஊற்றுக்கண். முதல் அணிக்கு ஆட்டம் இல்லாத சனிக்கிழமை, அதன் ஆட்கள் சும்மா இருக்கிறார்கள்; இரண்டாம் அணிக்கு கால் இறுதி. கிளப் செயலாளரின் கை துறுதுறுக்காமல் என்ன செய்யும்? பெரும்பாலான புகார்கள் மோசடி பற்றியவை அல்ல. பதிவுத் தாளைச் சரியாகப் பார்க்காத தன்னார்வலர் ஒருவரின் அசதி பற்றியவை. ஆயினும் தண்டனை ஒன்றே.

## ஆடாமலே வரும் முடிவு

நாள் நெருங்க, 15 பேர் தேறவில்லை என்று ஒரு கிளப் விலகினால் எதிரணிக்கு வாக்-ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. தூரத்து ஊருக்குக் குலுக்கல் விழுந்தால் விலகல் அதிகமாகும்: பஸ் வாடகை, முழு நாள் பயணம், வாரயிறுதியில் வேலை. உறைபனியாலோ சேற்றாலோ மைதானம் ஆடத் தகுதியில்லாமல் போனால், சொந்த மைதான உரிமையை எதிரணிக்கு விட்டுக்கொடுத்து ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

முதல் சுற்றுகளிலேயே வெளியேறுகிறவர்களுக்கு ‘பிளேட்’ என்ற துணைப் போட்டி இருக்கிறது. நம் 21 கிளப் கணக்கில் காலிறுதிக்கு முன்பே 13 கிளப்புகள் போய்விடும். அவர்களுக்கு ஒன்றிரண்டு ஆட்டத்தோடு கதை முடிந்தால் அடுத்த ஆண்டு பெயர் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். பிளேட்டை ஆறுதல் பரிசு என்று கேலி செய்வது எளிது. போட்டி பிழைத்திருப்பது அதனால்தான்.

ஆள்பற்றாக்குறைக்குத் தலைக்காய விதிகளும் ஒரு காரணம், அவை அப்படித்தான் இருக்க வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் தலையில் அடிபட்டவரைத் தற்காலிகமாக வெளியே அழைத்துப் பரிசோதித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உண்டு. அமெச்சூர் ஆட்டத்தில் கிடையாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டலின்படி, சமூக அளவில் ஆடுகிறவர் 21 நாளுக்கு முன் போட்டி ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. காலிறுதியில் தலையில் அடிபட்ட ஹூக்கருக்கு இரண்டு வாரம் கழித்து வரும் அரையிறுதி இல்லை. அந்த ஒருவர் இல்லாததால் மேலே சொன்ன முன்வரிசைக் கணக்கும் உதைக்கலாம். இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் சமூக ரக்பியில் டாக்கிளின் உயரத்தை மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று இறக்கியதும் இதே கவலையால்தான்.

## சின்ன கிளப் பெரிய கிளப்பை வெல்லுமா

கால்பந்தில் அடிக்கடி நடக்கிறது, ரக்பியில் அபூர்வம். கால்பந்தில் ஒரு கோல் ஆட்டத்தையே முடித்துவிடும். தற்செயலுக்கு இடம் அதிகம். ரக்பியில் புள்ளி எடுக்கும் வாய்ப்புகள் பல. வாய்ப்பு கூடக் கூட, வலுவான அணி தன் வலுவைக் காட்டிவிடும். போதாக்குறைக்கு, கடைசி 20 நிமிடத்தில் உடல் தகுதியின் வித்தியாசம் ஸ்கோரில் தெரிய ஆரம்பிக்கும்.

ஆதலால் சின்ன கிளப்புக்கு இருக்கும் ஒரே வழி, ஆட்டத்தைச் சுருக்குவது. ஸ்க்ரமை மெதுவாக்கி, பந்தை உயரே உதைத்து, எதிரி ஓடக்கூடிய நேரத்தைக் குறைத்து, கிடைத்த ஒவ்வொரு பெனால்டியையும் கம்பத்தை நோக்கி உதைத்து 3 புள்ளியாக்குவது. மழையும் சேறும் கூட வந்தால் நல்லது. 1992 நவம்பரில், அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மிக வலிமையான கிளப்பாக இருந்த பாத், தேசியக் கோப்பையில் லிவர்பூல் அருகேயுள்ள வாட்டர்லூ கிளப்பிடம் தோற்றது. ஸ்கோர் 9–8. அந்த ஒற்றைப் புள்ளியைவிட, இரு அணிகளும் சேர்ந்து மொத்தமே 17 புள்ளிதான் எடுத்தன என்பது வாட்டர்லூ எப்படி வென்றது என்று அதிகம் சொல்லும்.